பிறப்பும் உடன்பாடும்: கணினி நிரலாக்கத்தில் நிகழ்வு கையாளல் பற்றிச் சில சிந்தனைகள்

கலைப்பீட மாணவரொருவர் கணினி நிரலாக்கத்தைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். கணிதமும் விஞ்ஞானமும் பயின்றோர்க்கே உரிய துறை அதுவென்னும் எண்ணம் எம்மிடையே இன்னும் வேரூன்றியுள்ளது. ஆயினும், நிரலாக்கம் எண்களைப் பற்றிய கலை என்பதிலும் பார்க்கப் பொறுப்புக்களைப் பகிர்ந்தளிக்கும் கலை எனக் கூறுவதே பொருத்தமாகும். யார் யாரை அழைப்பது, யார் யாருக்குக் கடமைப்பட்டவர், ஒருவரையொருவர் அறியாதோர் எவ்வாறு ஒன்றுபட்டுக் காரியமாற்றுவது என்னும் வினாக்களே அங்கு திரும்பத் திரும்ப எழுகின்றன. வரலாறும் சமூகவியலும் பயிலும் எமக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல.

உயர்தரப் பரீட்சை எழுதிய பின்னர், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில், நகரத்துக் கணினி நிலையமொன்றில் ஜாவா மொழியைக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு கற்றவற்றுட் பல இன்று நினைவில் இல்லை. நிலைத்து நின்றது ஒரு பாடமே. இடைமுகம் என்னும் ஏற்பாட்டினைக் கொண்டு நிகழ்வுகளைக் கையாளும் முறையே அப்பாடம். அது மாத்திரம் ஏன் நிலைத்தது என ஆராயும்போது எமது கிராமத்தின் கதையும் என் குடும்பத்தின் கதையும் இடையிலே வந்து சேர்கின்றன. அவற்றையும் சேர்த்தே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் நிகழ்வு என்பது யாதென நோக்குவோம். பழைய நிரல்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகச் சென்றன. எந்த வேலை எப்போது நடைபெற வேண்டும் என்பதை நிரலே தீர்மானித்தது. திரையும் சுட்டியும் வந்தபின் நிலைமை மாறிற்று. திரையிலுள்ள பொத்தானைப் பாவனையாளர் எப்போது அழுத்துவார் என்பதை நிரல் முன்கூட்டி அறியாது. அவர் அழுத்தும் கணமே நிகழ்வு. அந்நிகழ்வை அறிந்துகொள்வதற்கு இரு வழிகள் உள. நாள்தோறும் தபாற்கந்தோருக்குச் சென்று, கடிதம் வந்ததா என வினவித் திரும்புவதைப் போல, ‘அழுத்தப்பட்டதா, அழுத்தப்பட்டதா’ என நிரல் இடையறாது கேட்டுக்கொண்டிருப்பது ஒரு வழி. விலாசத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பதும், கடிதம் வந்த அன்று தபாற்காரர் படலைக்கு வந்து அழைப்பதும் மற்றைய வழி. இரண்டாவது வழியே நிகழ்வு கையாளல் எனப்படுகின்றது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு ஒரு செய்தி சுவை பயக்கும். அந்நிரலாக்க முறையும் நிகழ்வு பற்றிய சிந்தனையும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், ஒலே-யொஹான் டால், கிறிஸ்டன் நைகோர்ட் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா என்னும் மொழியை உருவாக்கினர். வரிசைகளில் மக்கள் வந்து நிற்பதும் சேவை பெற்று நீங்குவதும் போன்ற நடப்புக்களைக் கணினியிலே போலச் செய்து ஆராய்வது அவர்தம் நோக்கமாகும். ‘சிமுலா 67’ என வழங்கும் அம்மொழியிலேயே வகுப்பு, பொருள், மரபுரிமை என்னும் கருத்துக்கள் உருப்பெற்றன. பின்னர் 1979ஆம் ஆண்டளவில், நோர்வே நாட்டவரான ட்ரிக்வே ரீன்ஸ்கௌக், செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றியபோது, தரவினையும் அதனைத் திரையிற் காட்டும் பகுதிகளையும் வேறுபிரித்து வைக்கும் அமைப்பினை வகுத்தார். தரவு மாறியதும் அதனைக் காட்டும் பகுதிகள் யாவற்றுக்கும் செய்தி செல்லல் வேண்டும். ஆனால் அப்பகுதிகள் எவையென்று தரவு அறிந்திருத்தல் ஆகாது. அறியாதவர்க்கு அறிவிப்பது எப்படி? இவ்வினாவே எமது பாடத்தின் மூலவேர்.

இனி ஜாவா மொழிக்கு வருவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதன் முதற் பதிப்பினை வெளியிட்டது. அப்பதிப்பில் நிகழ்வைக் கையாளும் உரிமை மரபுரிமையைச் சார்ந்திருந்தது. திரைக்கூறு ஒன்றின் வழித்தோன்றலாகப் பிறந்த வகுப்பே நிகழ்வைப் பெறும். பொத்தான் அழுத்தப்பட்டதும் செய்தி முதலிற் பொத்தானிடம் செல்லும். அது கையாளாதாயின் அதனைத் தாங்கி நிற்கும் பலகத்திடம் ஏறும். பலகமும் கையாளாதாயின் அதற்கும் மேலுள்ள சாளரத்திடம் ஏறும். மேலே வந்து சேர்ந்த செய்தியை வாங்குபவர், ‘இது சேமி என்னும் பொத்தானா, அழி என்னும் பொத்தானா’ என ஒவ்வொன்றாக வினவித் தேர்ந்தறிய வேண்டியிருந்தது. பொத்தானின் மேல் எழுதிய சொல்லைக் கொண்டே அதனை இனங்கண்டவர்கள், அச்சொல்லை எவரேனும் மாற்றியதும் இடர்ப்பட்டனர். சிறிய நிரல்களுக்கு இது போதும். நிரல் பெருத்தபோது எந்தச் செய்தி எங்கே கையாளப்படுகின்றது என்பது விளங்காத குழப்பமாயிற்று.

1997ஆம் ஆண்டு வெளிவந்த 1.1 பதிப்பு இம்முறையை மாற்றியமைத்தது. அதிலே இடைமுகம் முன்னிலைக்கு வந்தது. இடைமுகம் என்பது உடலற்ற வாக்குறுதி என்க. ‘இப்பெயருடைய முறை என்னிடம் உண்டு, இன்ன செய்தியைத் தந்து அதனை அழைக்கலாம்’ என்பது மாத்திரமே அதில் எழுதப்பட்டிருக்கும். அழைத்தபின் என்ன நடைபெறும் என்பது எழுதப்படுவதில்லை. ஒரு வகுப்பு அவ்வாக்குறுதியை ஏற்பதாக அறிவித்தால், அதற்குரிய முறைகளைத் தன்னகத்தே எழுதுதல் வேண்டும். எழுதாதுவிடின் தொகுப்பான் அந்நிரலை ஏற்க மறுக்கும். பொத்தான் அழுத்தப்படுவதைக் கேட்க விரும்பும் வகுப்பு ‘அக்ஷன்லிசனர்’ என்னும் இடைமுகத்தை ஏற்கும். செயற்கேட்பான் என நாம் அதனைத் தமிழிற் கூறலாம். அதில் ஒரேயொரு முறையே உண்டு. ஏற்றபின் அவ்வகுப்பின் பொருளொன்று பொத்தானிடம் தன்னைப் பதிவுசெய்துகொள்ளும். பொத்தான் ஒரு பட்டியலை வைத்திருக்கும். அழுத்தப்பட்டதும் பட்டியலில் உள்ளோர் அனைவரையும் அழைக்கும்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் யாதெனில், பொத்தான் தன் கேட்பான்கள் எவ்வினத்தவை என்பதை அறிவதில்லை. அறிய வேண்டிய தேவையும் அதற்கில்லை. அவை எந்த வகுப்பிற் பிறந்தவை, அவற்றின் தாய்வகுப்பு யாது, வேறு என்ன தொழில்களைச் செய்கின்றன என்பன பொத்தானுக்குப் புறம்பானவை. ‘இம்முறை உன்னிடம் உண்டா’ என்னும் ஒரு கேள்வியே அதன் கேள்வி. ஜாவா மொழியில் ஒரு வகுப்புக்கு ஒரு தாய்வகுப்பு மாத்திரமே இருத்தல் கூடும். ஆனால் அது எத்தனை இடைமுகங்களையும் ஏற்கலாம். பிறப்பு ஒன்று, உடன்பாடுகள் பல. கரும்பலகையில் ஆசிரியர் இவ்வேறுபாட்டை வரைந்து காட்டியபோது, ஏனையோர் பரீட்சைக்குரிய குறிப்பாக அதனை எழுதிக்கொண்டனர். எனக்கோ எமது கிராமத்துச் செத்தவீடுகள் நினைவுக்கு வந்தன.

கிராமத்தில் மரணம் ஒரு நிகழ்வு. எவரும் எதிர்பாராத நேரத்தில் அது நேரும். நேர்ந்தவுடன் பலர் பல கடமைகளைச் செய்தாக வேண்டும். முன்னாளில் அக்கடமைகளை யார் யார் செய்வது என்பது பிறப்பினாலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. குடிமை முறை என அதனைக் குறிப்பிடுவர். பறை முழக்குவது ஒரு குடி. முடி மழிப்பது ஒரு குடி. வெள்ளை கட்டி நிலபாவாடை விரிப்பது ஒரு குடி. என் தந்தைவழிப் பேரனார் இம்மூன்றாவது குடியிற் பிறந்தவர். செத்தவீட்டிலிருந்து ஒருவர் வந்து படலையில் நின்றபடியே செய்தி சொல்வார். பேரனார் கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டு, வெள்ளைகளை எடுத்துக்கொண்டு செல்வார். ‘வருவீரா’ என எவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அங்கு என்ன இருந்தது? அவர் அவ்விடத்திற் பிறந்திருந்தார். ஆதலின் அழைப்பு அவருக்குரியதாயிற்று.

என் தந்தையார் படித்து அரசாங்க எழுதுவினைஞரானார். அவர் விடுமுறையில் வீடு வந்திருந்த நாளொன்றில் ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தது. பேரனார் காய்ச்சலாற் படுத்திருந்தார். படலையில் வந்து நின்றவர் தந்தையாரை நோக்கி, “கொப்பருக்கு ஏலாட்டில் நீ வாவன்” என்றார். “வாறன், துக்கம் விசாரிக்க வாறன். வெள்ளை கட்ட இல்லை” என்பதே தந்தையாரின் விடை. சொன்னபடியே அவர் சென்றார். பந்தலில் இருந்தோர் பலர். அவருக்குக் கதிரை கொடுக்கப்படவில்லை. ஒரு மணித்தியாலம்வரை நின்று, பிரேதம் வெளிக்கிட்ட பின்னர் வீடு திரும்பினார். இதனை அவர் எனக்கு ஒரு முறையே கூறியுள்ளார், அதுவும் கோபமின்றி.

கீழே கையாளப்படாத செய்தி மேலே ஏறுவதையும், தகப்பன் இயலாதபோது அழைப்பு மகனிடம் இறங்குவதையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, இரண்டிலும் அடிப்படை ஒன்றென்பது புலனாகின்றது. இரண்டிலும் அழைப்பு செல்லும் பாதையைத் தீர்மானிப்பது அமைப்பில் ஒருவர் நிற்கும் இடமே. அவ்விடத்தில் நிற்பவர் அதற்கு உடன்பட்டாரா என்பது கேட்கப்படுவதில்லை.

போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியமர்ந்த மக்கள் எமது கிராமத்தில் மரண சகாயச் சங்கம் ஒன்றினை நிறுவினர். பழைய குடிமை முறையைத் தாங்கி நின்றோரிற் பலர் அப்போது ஊரில் இல்லை. மரணமோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சங்கத்தில் இணைய விரும்பும் குடும்பம் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்புதல் வேண்டும். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், ஏற்கவிரும்பும் பணி ஆகிய நான்கு நிரல்களே அதில் உள. மாதச் சந்தா செலுத்த வேண்டும். மரணச் செய்தி செயலாளருக்குக் கிட்டியதும் அவர் பட்டியலில் உள்ளோரை அழைப்பார். ஒருவர் படங்கு கொண்டுவருவார். ஒருவர் பதிவாளரிடம் செல்வார். ஒருவர் விறகுக்கு ஒழுங்கு செய்வார். ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. செயலாளர் அறிய வேண்டியதும் அழைத்தால் வருவார்களா என்பதொன்றே. சங்கத்துக்கெனக் கதிரைகள் வாங்கியபோது அவற்றுக்குப் பொறுப்பாக இருக்க என் தந்தையார் முன்வந்தார். இன்றும் அப்பொறுப்பு அவரிடமே உள்ளது.

பிறப்பு முறைக்கும் பதிவு முறைக்குமிடையே வேறும் இரு வேறுபாடுகள் கருதத்தக்கவை. முதலாவது, பதிந்தவர் விலகலாம். பொத்தானிடம் கேட்பானைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருப்பதைப் போலவே நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு. இனி இப்பணி இயலாது எனச் சங்கத்துக்கு எழுதிக்கொடுப்பவர் மறுமாதம் அழைக்கப்படமாட்டார். என் பேரனாருக்கு அவ்வாறு எழுதிக்கொடுப்பதற்கு ஒரு கந்தோர் இருக்கவில்லை. இரண்டாவது, முன்னுரிமை பற்றியது. ஜாவா மொழியின் திரைக்கூறுகளிற் பலர் கேட்பான்களாகப் பதிந்திருப்பின், எவர் முதலில் அழைக்கப்படுவார் என்பதற்கு உறுதி எதுவும் அளிக்கப்படவில்லை. அவ்வரிசையை நம்பி நிரல் எழுதுதல் தவறு எனப் பயிற்றுவிக்கின்றனர். கோயிலிற் காளாஞ்சி யாருக்கு முதலிற் கொடுப்பது என்பதன்பொருட்டு வழக்காடும் எமது சமூகத்துக்கு இச்சிறு விதி சொல்வது சிறிதன்று.

எனினும், இடைமுகத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடின் இக்கட்டுரை அரைகுறையாகவே முடியும். தொகுப்பான் சோதிப்பது வடிவத்தை மாத்திரமே. முறை எழுதப்பட்டுள்ளதா என அது பார்க்கும். அம்முறை ஏதேனும் செய்கின்றதா என்பதைப் பார்ப்பதில்லை. சுட்டியின் அழுத்தல் முதலிய நிகழ்வுகளைக் கேட்கும் இடைமுகம் ஒன்றில் 5 முறைகள் உள. சாளரத்தின் நிலைகளைக் கேட்கும் இடைமுகத்தில் 7 உள. ஒன்றே தேவைப்படுபவர்க்கும் ஏனையவற்றை எழுதாதுவிட வழியில்லை. ஆதலின் இரு அடைப்புக்குறிகளைத் திறந்து மூடி, இடையில் ஒன்றுமே எழுதாது விடுவர். இத்தகைய வெற்றுடல்களை முன்கூட்டியே எழுதிவைத்த வகுப்புக்களும் ஜாவாவில் உண்டு. 2014ஆம் ஆண்டு வெளிவந்த 8ஆம் பதிப்பு, ஒற்றை முறையுடைய இடைமுகங்களைச் சில சொற்களிலேயே நிறைவேற்ற வழிசெய்தது. எழுதும் சுமை குறைந்தது. ஆயினும் வெற்றுடல் இன்றும் செல்லுபடியாகும். நிரலில் இது குற்றமன்று. பெரும்பாலும் தேவையான வசதியே.

சமூகத்தில் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பெயரால் எவரையும் பொது இடங்களிலிருந்தும் வணக்கத்தலங்களிலிருந்தும் தடுத்தல் குற்றமென விதித்தது. வாக்குறுதியின் வடிவம் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருந்தது. ஆயினும் 11 ஆண்டுகள் கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. சட்டம் அழைத்தது, அழைக்கப்பட்ட இடத்தில் வெற்றுடலே இருந்தது. அப்போராட்டமே அதற்கு உடல் எழுதத் தொடங்கிற்று எனலாம். எமது சங்கத்திலும் இக்குறை இல்லாமலில்லை. சந்தா ஒழுங்காகச் செலுத்துவோர், அழைத்தவுடன் வருவோர், எம் உறவினர் வீட்டுப் பந்தலில் எம்முடன் ஒன்றாக அமர்வோர் ஆகியோருள்ளும் அவ்வீட்டுத் தேநீரைத் தொடாது எழுந்து செல்வோர் சிலர் உளர். படிவத்தின் நான்கு நிரல்களையும் அவர்கள் பழுதின்றி நிரப்பியவர்களே. தேநீருக்கு அதில் நிரல் இல்லை.

விஞ்ஞான பீடத்து நண்பரொருவரிடம் இவற்றைக் கூறியபோது அவர் சிரித்தார். ‘பகுதிகளுக்கிடையே பிணைப்பினைத் தளர்த்துவதே இதன் நோக்கம், பராமரிப்பு எளிதாகும் என்பதனாற் செய்த ஏற்பாட்டை நீதிநூலாக்காதீர்’ என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. பொத்தானுக்கு நினைவில்லை; அவமானமும் இல்லை. அன்றியும் மரபுரிமை நிரலாக்கத்திலே தீயதொன்றன்று. பொத்தான் தன் வடிவையும் நிறத்தையும் திரையில் தோன்றும் ஆற்றலையும் தாய்வகுப்பிடமிருந்தே பெறுகின்றது. யாமும் மொழியை, பாடல்களை, முகச்சாயலை அவ்வாறே பெற்றோம். வெள்ளையை மடிப்புக் குலையாமல் விரிக்கும் பேரனாரின் கைத்திறனை எவரேனும் கற்றுக்கொண்டிருப்பின் அது பெருமைக்குரிய மரபுரிமையாகவே இருந்திருக்கும். பெறுவது வேறு; பெற்றதன் காரணமாகவே அழைக்கப்படுவது வேறு. ஜாவாவின் முதற் பதிப்பு இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தது. ஓராண்டு கழிந்த அளவிலேயே அதனை ஆக்கியோர் அவற்றைப் பிரித்தனர். அவர்கள் அதனை நீதிக்காகச் செய்யவில்லை என்பது மெய். பெரிய அமைப்பொன்று பிறப்பினை மாத்திரம் நம்பி இயங்க இயலாது என்பதை வேலை செய்து பார்த்துக் கண்டறிந்தனர். நீதியின் பேரால் நாம் சொல்லிவருவதை வேலையின் பேரால் இன்னொரு துறை கண்டறிவது, எமது கட்சிக்கு வலுச்சேர்க்கும் சான்றன்றோ?

கலைப்பீட மாணவர் கணினி பயிலல் வேண்டுமென இன்று பலரும் கூறுகின்றனர். வேலைவாய்ப்பே அவர்கள் காட்டும் காரணம். அக்காரணத்தை நான் மறுக்கவில்லை; வேலையற்றிருப்பதன் துயரை எம் பீடத்தார் நன்கறிவர். ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. சமூக அமைப்பு இயற்கையானது, மாற்றவொண்ணாதது என்போரிடம் நாம் வாதாடும்போது, அமைப்புக்கள் வகுக்கப்படுவனவே என்பதைக் கண்முன்னே காட்டும் துறை இது. யாரோ ஒருவர் ஒரு நாள் அமர்ந்து, அழைப்பு இவ்வழியே செல்லட்டும் என எழுதினார். மற்றொரு நாள் மற்றொருவர் அதனை அழித்து வேறுவிதமாக எழுதினார்.

வடிவத்தை எழுதுவோர் சிலரே. அவ்வடிவத்துக்கு உடல் எழுதும் பொறுப்போ அதனை ஏற்ற ஒவ்வொருவரையும் சார்ந்தது. எமது கிராமத்தில் அழைப்புச் செல்லும் பாதை இப்போது பெரும்பாலும் திருந்திவிட்டது. படலையில் நின்று எவரும் எவரையும் பிறப்பின் பேரால் அழைப்பதில்லை. இனி எஞ்சியிருப்பது, நீட்டப்படும் தேநீர்க் கோப்பையை வாங்கிக் குடிப்பது போன்ற சிறு செயல்களே. அவற்றைச் சோதித்துப் பார்க்க எந்தத் தொகுப்பானும் வரப்போவதில்லை. ஆதலினாலேயே அவற்றை நாமாகச் செய்தல் வேண்டும்.